கேப்டனின் மார்பளவு நாற்பது

மாலை வகுப்பின் முதல் நாளே ஆசிரியர் ஒரு விதி சொன்னார். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத படியில் கால் வைக்கக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பது அவர் வழக்கம். வகுப்பில் இருந்த ஒன்பது பேரும் இரண்டாவது வாரமே அவருக்கு ஆதாரம் சார் என்று பெயர் வைத்துவிட்டோம்.

விதியை நான் நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, அன்றைக்கே மீறினேன். வீட்டுப்பாடத்துக்காக அம்மாவிடம் போனில் கேட்டு என்னிலிருந்து மேல்நோக்கி ஐந்து பெயர்கள் எழுதியது உண்மை. நான், அம்மா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா. அதற்கு மேல் அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, நேராகக் கேப்டனிடம் போய்விட்டேன். எங்கள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கேப்டனைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா அம்மாவின் தம்பி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடமாக அவரும் அத்தையும் இருக்கும் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். மாடியில் வீடு, கீழே கடை. பள்ளிப் பிள்ளைகள், காவலாளிகள், பேண்ட் வாத்தியக்காரர்கள் என்று சீருடை போடும் எல்லோருக்கும் மாமா தைப்பார். வீட்டில் ஓர் இரும்புப் பெட்டியில், பழைய போர்வைக்குள் சுற்றி, ஒரு சிவப்புக் கோட்டு இருந்தது. அதன் கழுத்துப் பட்டியின் உட்புறம் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் எண்ணும், ஒரு கேப்டனின் பெயரும் மையால் எழுதப்பட்டிருந்தன. அவர்தான் நம் மூதாதை என்று மாமாவுக்கு அவர் அப்பா சொல்லியிருந்தார். எள்ளுத்தாத்தாவுக்கு மேலே யார் என்று கேட்டால் மாமா யோசிக்காமல் கேப்டன் என்பார்.

"நம்ம உடம்புல ஓடுறது கேப்டன் ரத்தம்மா. உங்க லேப்ல ஒரு நாள் டெஸ்ட் பண்ணிப் பாரேன்" என்று என்னிடம் சொல்வார்.

அப்படி ஒரு டெஸ்ட் எங்களிடம் இல்லை என்று நான் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். அங்கே என் வேலையே குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான். ஒருவர் பெயரை இன்னொருவர் குழாயில் ஒட்டிவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன்.

தெருவில் மாமாவுக்குப் பெயரே கேப்டன் பேரன்தான். பாதி மரியாதை, பாதி கிண்டல். எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் முழுக் கிண்டலாக, தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு சல்யூட் வைப்பார். மாமாவும் அசராமல் திருப்பி வைப்பார்.

இந்த நிலையில்தான் மாமா கடையைத் தெருமுனையில் இருந்த பெரிய இடத்துக்கு மாற்ற முடிவெடுத்தார். புதுப் பலகையில் 'கேப்டன் பேரன் தையலகம்' என்று எழுதுவது, கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டை மாட்டுவது, பக்கத்தில் நான் கண்டுபிடித்துக் கொண்டுவரும் காகிதத்தையும் மாட்டுவது என்று திட்டம். எதிர்க்கடைக்காரர் டீக்கடையில் நான்கு பேர் நடுவில் ஒரு பந்தயம் போட்டார். திறப்பு விழா அன்று ஆதாரம் மாட்டியிருந்தால், முதல் ஆளாக வந்து நெஞ்சு நிமிர்த்தி சல்யூட் அடிப்பார். இல்லையென்றால் மாமா பலகையை இறக்கிவிட வேண்டும். மாமா கை கொடுத்துவிட்டு வந்தார். அவர் கை கொடுத்தது என்னை நம்பி.

திறப்பு விழாவுக்கு நான்கு வாரம் இருந்தது. நான் ஒரு செய்திக்கு ஓர் அட்டை என்று எழுதத் தொடங்கினேன். வகுப்பின் கணினியில் பழைய படைப் பட்டியல்களும், கேப்டனின் நாட்டுத் திருமண, ஞானஸ்நானப் பதிவேடுகளும் கிடைத்தன. முப்பத்தொரு அட்டை சேர்ந்தது. கேப்டன் 1891இல் இந்த ஊர்ப் பாசறைக்கு வந்தார். ஆறு வருடம் இருந்தார். அவர் பதவி குவார்ட்டர்மாஸ்டர். அப்படியென்றால் படையின் துணிமணி, பூட்சு, போர்வைக்குப் பொறுப்பாளர். வாளை உருவிக்கொண்டு குதிரையில் பாயும் கேப்டனை மனதில் வைத்திருந்த எனக்கு, காலுறை எண்ணும் கேப்டனைப் பார்த்ததும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. முதல்முறை அதிகாரியாகப் பெயர் வந்தபோதே அவருக்கு வயது முப்பத்தாறு. ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்த அட்டையில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அவருடைய அப்பா யார் என்று தேடியபோது, ஒரே வருடத்தில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் கிடைத்தன. ஓர் அப்பா நிலச்சுவான்தார். இன்னொருவரின் பதிவு வேறு ஊரில் இருந்தது. அதிகாரியின் அப்பா நிலச்சுவான்தாராகத்தானே இருப்பார் என்று முதலாவதை எடுத்துக்கொண்டு, இரண்டாவதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பகலில் குழாய்ச் சீட்டை இரண்டு முறை படிக்கிறவள் மாலையில் செய்த வேலை இது.

கவலை வேறு இடத்திலிருந்து வந்தது. கேப்டன் இந்த ஊருக்கு வரும்போதே மனைவியும் இரண்டு மகள்களும் கூட வந்தார்கள். திரும்பிப் போகும்போது அதே நால்வர் கப்பலேறினார்கள். எங்கள் எள்ளுத்தாத்தாவை இந்தப் படத்தில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டைகள் கூடக் கூட, கேப்டன் எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஆதாரம் சாரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே (வருடம் முழுக்க அவருக்குச் சளி) பாசறையை ஒட்டி இருந்த பழைய கடைகளின் காகிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆளைப் பற்றிக் கிடைக்காவிட்டால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தேடிப் பார் என்றார்.

சனிக்கிழமை காப்பகத்துக்குப் போனேன். அங்கே ஒரு தையல் கடையின் அளவுப் புத்தகம் இருந்தது. பழைய கட்டடத்தை இடித்தபோது யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். நாற்பத்தேழாம் பக்கத்தில் கேப்டனின் பெயர் இருந்தது. மார்பு நாற்பது. கை இருபத்தைந்து. ஓரத்தில், நம் எழுத்தில், பொடியாக ஒரு குறிப்பு: 'துரை தாமே சாக்குக்கட்டியால் குறி போடுகிறார். குறி தப்பவில்லை.' போனில் படம் எடுத்தேன். அளவுகளை ஓர் அட்டையில் அகர வரிசைப்படி எழுதிக்கொண்டேன். பிறகு புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

மாமா கடையில் இருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து கோட்டை அளந்தேன். மார்பு முப்பத்தாறு. டேப்பின் மேல் சந்தேகப்பட்டு வேறு டேப்பை எடுத்தேன். முப்பத்தாறு. என் மேல் சந்தேகப்பட்டு மறுநாளும் அளந்தேன். முப்பத்தாறேதான். கை ஒன்றரை அங்குலம் குட்டை.

கேப்டன் எங்களுடையவரா என்ற கேள்வி போய், கோட்டே கேப்டனுடையதா என்ற கேள்வி வந்துவிட்டது. கீழே மாமா பலகை எழுதுகிறவரிடம், 'கேப்டன்' எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் யோசித்தேன். விட்டதைத் தேடுவதென்றால் விட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அளவுப் புத்தகத்தை வாங்கி, இந்தமுறை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். போன வாரமே அப்படிச் செய்திருக்க வேண்டும். முதல் பக்கத்தில் கடைக்காரரின் பெயர் இருந்தது. என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பட்டியலில் மேலே இருக்கும் பெயர் அது. எள்ளுத்தாத்தா.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடைசிவரை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவர் தன் மகன் பிறந்த தேதியையும் வைத்த பெயரையும் எழுதியிருந்தார். அது கொள்ளுத்தாத்தாவின் பெயர். தெருப் பெயரும் அம்மா சொன்னதுதான். எண்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னொரு குறிப்பு: 'துரை மேஜர் ஆகிவிட்டார். புதுக் கோட்டு கொண்டுபோனார். பழையதை நீயே வைத்துக்கொள் என்றார். வைத்திருக்கிறேன்.'

அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கேப்டன் வம்சம் இல்லை. கேப்டனின் தையல்காரர் வம்சம். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? அதுவும் கோட்டின் அளவு இன்னும் ஒத்துப்போகாத நிலையில்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், எளிதானதிலிருந்து தொடங்கலாம் என்று, கோட்டின் அளவு பொருந்தவில்லை, இது கேப்டனுடைய கோட்டு இல்லாமல் இருக்கலாம் என்றேன். மாமா கொதிப்பார் என்று நினைத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

அத்தைதான் சிரித்தார். எழுந்து போய் அலமாரிக்கு மேலே இருந்து ஓர் ஆல்பத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அவர்கள் கல்யாண வரவேற்புப் படம். அத்தை பக்கத்தில் ஒரு குச்சி மனிதர் சிவப்புக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க மாமாதான். பேண்ட் வாசிக்க வந்த ஆளுன்னு நெனச்சு எங்க பெரியப்பா அவர்கிட்ட போய், எப்பப்பா வாசிக்க ஆரம்பிப்பீங்கன்னு கேட்டார். அன்னைக்கு ஒளிச்சு வச்ச ஆல்பம் இது."

அப்படியென்றால் கோட்டை மாமாவே சின்னதாக்கியிருக்கிறார். கேப்டன் கோட்டில் ஊசி வைத்தது வெளியே தெரிந்தால் தெரு சிரிக்கும் என்று இருபத்தாறு வருடம் வாய் திறக்கவில்லை. அளவு சரியில்லாத துணியை உடம்பில் போட்டுக்கொண்டு நிற்க அவரால் முடியாதாம்.

"கத்திரி வைக்கலம்மா, சத்தியமா" என்றார். "பிடிச்சுத்தான் தைச்சேன். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடணுமேன்னு துணி அப்படியே உள்ள இருக்கு."

கோட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, பிளேடு முனையால் லைனிங்கைப் பிரித்தார். மாமாவின் கை அவ்வளவு மெதுவாகப் போனதை நான் பார்த்ததில்லை. உள்ளே வெயில் படாத துணி புத்தம் புதுச் சிவப்பாக இருந்தது. பழைய தையல் போன ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. துளையிலிருந்து துளைக்கு மாமா டேப்பை வைத்தார். மார்பு நாற்பது. கை இருபத்தைந்து.

"பாத்தியா" என்றார் மாமா. முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "கேப்டனோடதுதான். நம்ம ஆளோடதுதான்."

இனியும் தள்ளிப்போட முடியாது. கேப்டன் நம் ஆள் இல்லை மாமா என்றேன். பிறகு, முதல் பக்கம், கடைசிப் பக்கம், எண்பத்தொன்றாம் பக்கம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். மாமா மேஜையில் விழுந்திருந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் தெரு கூப்பிட்ட பெயரை அவரிடமிருந்து நான்தான் பிடுங்கினேன் என்று தோன்றியது. வகுப்பில் சேராமலே இருந்திருக்கலாம்.

ஆதாரம் இருக்கிறதா என்று மாமா கேட்டார். கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்லமாட்டாயா என்பது இருந்தது. போனில் நாற்பத்தேழாம் பக்கத்தின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், என்னை முறைத்தார்.

"என் நோட்டை எதுக்கும்மா படம் எடுத்த?"

இது காப்பகத்துப் புத்தகம் என்றேன். மாமா நம்பவில்லை. படி இறங்கிக் கடைக்குப் போய்த் தன் அளவு நோட்டைக் கொண்டுவந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எல்லாத் தையல்காரர்களும் உயரத்திலோ தோளிலோ தொடங்குவார்கள். மாமா மட்டும் மணிக்கட்டில் தொடங்குவார். வருகிறவர் கையை முதலில் பிடித்தால் அவருக்குக் கூச்சம் போய்விடும், உடம்பைத் தளர்த்தி நிற்பார், பிறகு எடுக்கிற அளவு பொய் சொல்லாது என்பது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. மணிக்கட்டு, கை, தோள், மார்பு, இடுப்பு, கடைசியில் உயரம். எதிர்க்கடைக்காரர்கூட அதைக் கேலி செய்வார், சட்டை தைக்கப் போனால் இவர் நாடி பிடிக்கிறார் என்று. தாழ்ந்த தோளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பதும் மாமாவின் பழக்கம். படத்தில், மேலே முதல் வரியில், மணிக்கட்டு ஏழு. அதற்குக் கீழே கை, தோள், மார்பு. தோளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

ஒரு வாரத்துக்கு மேலாக அது என் கையிலேயே இருந்தது. அகர வரிசைப்படி எழுதி நான்தான் அதைக் கலைத்து வைத்திருந்தேன்.

மாமா நோட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எழுதினது நம்ம தாத்தாவா?"

"உங்க கொள்ளுத்தாத்தா, மாமா."

"மணிக்கட்டுல ஆரம்பிச்சிருக்காரு" என்றார், எங்கள் இருவருக்கும் அது தெரியாதது போல. அத்தையிடமும் ஒருமுறை சொன்னார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். குறி தப்பவில்லை என்ற வரியைப் படித்ததும், பிரித்துப் போட்டிருந்த கோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்மடிப்பில் மங்கலாகச் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. ஒன்று மாமா போடுவது போலவே கொக்கி வைத்தது. அதற்குப் பக்கத்தில் வேறு ஒரு கையின் சிலுவைக் குறி, சரியாகத் தையல் திரும்ப வேண்டிய இடத்தில்.

"இது துரை போட்டதா இருக்கணும். பழகாத கை இப்படிப் போடாதும்மா. அவங்க வீட்ல யாரோ தைச்சிருக்காங்க. போய்ப் பாரு."

நிலச்சுவான்தார் வீட்டில் யார் தைப்பார்கள் என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் நான் திறக்காமல் விட்ட இரண்டாவது குழந்தை ஞாபகத்துக்கு வந்தது.

புதன்கிழமை வகுப்பில் அந்தப் பதிவைத் திறந்தேன். அப்பாவின் தொழில்: தையல். நம்பாமல் படையின் ஆள்சேர்ப்புப் பதிவேட்டையும் தேடினேன். பதினெட்டு வயதில் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்தவர், பிறந்த ஊர் அந்த இரண்டாவது ஊர். பதினெட்டு வருடம் படிப்படியாக ஏறி, முப்பத்தாறாவது வயதில் துணிக் கிடங்குக்கு அதிகாரி. என் கேள்விக்குறிக்குப் பதில் அது. பழைய படைப் பட்டியலையும் சேர்த்து, ஆதாரம் சாரிடம் மூன்று காகிதங்களை நீட்டினேன். மூன்றையும் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அந்த வருடத்திலேயே முதல்முறையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நிலச்சுவான்தாரின் அட்டையைக் கிழிக்கட்டுமா என்றதற்கு, கிழிக்காதே, தவறு என்று எழுதி வைத்துக்கொள் என்றார். வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் சொன்னபோது அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு, பலகை எழுதுகிறவருக்குப் போன் செய்யச் சொன்னார். பென்சில் கோடு போட்டாகிவிட்டது அண்ணே என்று அவர் முனகினார். பென்சில்தானே, அழி என்றார் மாமா.

திறப்பு விழா அன்று கோட்டு கண்ணாடிக்குள் தொங்கியது. பழைய துளைகளிலேயே ஊசி போட்டு மாமா அதைக் கேப்டன் அளவுக்கே திருப்பித் தைத்திருந்தார். மாட்டுவதற்கு முன் ஆசைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க முயன்று, இப்போது உடம்பு போட்டுவிட்டதால் பாதி கையிலேயே மாட்டிக்கொண்டதை அத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். கோட்டின் பக்கத்தில் நாற்பத்தேழாம், எண்பத்தொன்றாம் பக்கங்களின் படங்கள். மேலே பலகையில், 'கேப்டனுக்கு அளவெடுத்த கடை.'

எதிர்க்கடைக்காரர் முதல் ஆளாகத்தான் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். டீக்கடை நால்வரும் வாசலில் நின்றார்கள்.

"அப்ப நீங்க கேப்டன் பேரன் இல்லைன்னு ஆகிப்போச்சு" என்றார். "நான் சல்யூட்டை யாருக்கு வைக்கிறது?"

"கேப்டனே ஒரு தையல்காரர் மகன்தாங்க. ஆதாரம் இருக்கு, என் அக்கா பொண்ணு வச்சிருக்கா. நானும் தையல்காரர் பேரன், நீங்களும் தையல்காரர். சல்யூட் எதுக்கு? கையைக் கொடுங்க."

அவர் கை குலுக்கத்தான் நீட்டினார். மாமா மணிக்கட்டைப் பிடித்துக் கழுத்தில் கிடந்த டேப்பைச் சுற்றினார்.

"ஆறே முக்கால்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "எழுதிக்கம்மா. இவர் சட்டைல இடது தோள் இறங்குது, ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்."

எதிர்க்கடைக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தோளைத் தளர்த்திக்கொண்டு நின்றார். நான் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். மணிக்கட்டு முதலில். பிறகு தோளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். சரியான தோள்தானா என்று இன்னொருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.